கடன் தள்ளுபடி: யாருக்கு, எந்த அளவில்?

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது அறம் என்பதில் எந்த நாட்டிலும் கருத்து வேற்றுமை இருந்ததில்லை. திருப்பிக் கொடுக்க இயலாதவரை என்ன செய்வது என்னும் கேள்வியே காலந்தோறும் அரசுகளை அலைக்கழித்து வந்திருக்கிறது. நம் காலத்தில் அக்கேள்வி ஒரு புதிய வடிவம் கொண்டு நிற்கிறது. கல்விக்காகக் கடன் வாங்கி, கற்று முடித்த பின்னும் அதனைத் தீர்க்க வழியின்றித் தவிக்கும் இளைஞரின் கடனைத் தள்ளுவதா? அன்றி, நட்டத்தில் மூழ்கும் தொழில் நிறுவனங்களையும் வங்கிகளையும் பொதுப் பணத்தைக் கொண்டு கைதூக்கி விடுவதா? இவ்விரண்டில் எது நீதி, எது நாட்டுக்கு நன்மை என்று பல நாடுகளில் வழக்கு நடைபெறுகிறது.

அமெரிக்க நாட்டில் அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2008-ஆம் ஆண்டில் பெரும் வங்கிகள் சரியத் தொடங்கியபோது, அவற்றைத் தாங்குவதற்காக 70,000 கோடி டாலர் வரை செலவிட அந்நாட்டுக் காங்கிரஸ் அனுமதி வழங்கிற்று. வங்கிகள் பெற்றதில் பெரும்பகுதி பின்னர்த் திரும்பி வந்தது. 2020-ஆம் ஆண்டுக் கொள்ளை நோயின்போது சிறு தொழில்களுக்கு ஏறக்குறைய 80,000 கோடி டாலர் கடனாக வழங்கப்பட்டது. ஊழியரை வேலையில் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையின்பேரில் அதிற் பெரும்பகுதி தள்ளுபடியும் செய்யப்பட்டது. ஆனால் 2022 ஆகஸ்டில் மாணவர் ஒருவருக்குப் பதினாயிரம் டாலர் வரையும், வறிய மாணவர்க்கு இருபதினாயிரம் டாலர் வரையும் கடனைத் தள்ள அரசு முனைந்தபோது, அதற்குச் சட்டத்தில் அதிகாரம் இல்லை என்று 2023 ஜூன் 30-ஆம் நாள் நீதிமன்றம் தடுத்துவிட்டது. "வணிகருக்கு ஒரு நீதி, மாணவருக்கு ஒரு நீதியா?" என்று ஒரு சாரார் வினவினர். "கல்லூரி வாசலையே மிதியாத தொழிலாளியின் வரிப்பணத்தில் பட்டதாரியின் கடனைத் தீர்ப்பது எந்த நீதி?" என்று மறு சாரார் வினவினர். இரண்டு வினாக்களிலும் உண்மை இருக்கிறது.

இவ்வழக்கை அயல்நாட்டு விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நம் தென்னகமே கடன் தள்ளுபடியில் நீண்ட அனுபவம் உடையது. சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள குடிபாலாவை எடுத்துக்கொள்வோம். ஆந்திர மாநிலத்தின் எல்லையில், தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் பகுதி அது. 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் தனியாக அமைக்கப்படும் வரை இப்பகுதி வடஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் உருவாகும் வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. எனவே கடனைப் பற்றிச் சென்னைச் சட்டமன்றம் இயற்றிய சட்டம் குடிபாலா உழவரையும் வேலூர் உழவரையும் ஒருங்கே ஆண்டது. எல்லைக்கோடு பிற்காலத்தில் வந்தது. கடன் அதற்கு முன்பே வந்துவிட்டது.

கடனைத் தள்ளுவதற்கு நம் மொழியில் உள்ள சொற்களே ஒரு சிறு வரலாறு. மழை பொய்த்து விளைவு குன்றிய ஆண்டில் நிலவரியைக் குறைப்பதற்கு 'வஜா' என்று பெயர். ஜமாபந்திக் கணக்குகளில் இன்றும் அச்சொல்லைக் காணலாம். வங்கிக் கடனை அரசு ஏற்பதற்குத் தமிழர் 'தள்ளுபடி' என்பர். குடிபாலாவின் தெலுங்கர் 'ருணமாபீ' என்பர். மாபீ என்றால் மன்னிப்பு. ஆனால் கடன்பட்டது பெரிய நிறுவனமாயின் இச்சொற்கள் எவையும் வழங்குவதில்லை. 'மறுசீரமைப்பு' என்றும் 'தீர்வுத் திட்டம்' என்றும் 'மீட்பு உதவி' என்றும் எழுதுகிறோம். அரசாங்க ஆவணங்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இவ்வேறுபாட்டை நான் நாள்தோறும் காண்கிறேன். உழவனும் மாணவனும் மன்னிக்கப்படுகின்றனர், நிறுவனம் சீரமைக்கப்படுகிறது. மன்னிப்பு என்றவுடன் குற்றம் ஒன்று நடந்ததாக மனம் எண்ணிக்கொள்கிறது. சீரமைப்பு என்றவுடன் இயந்திரம் ஒன்று பழுதுபட்டதாக மட்டுமே எண்ணுகிறது. சொல்லில் ஒளிந்திருக்கும் இத்தீர்ப்பை விலக்கிவிட்டுச் செய்தியை மட்டும் நோக்குதல் வேண்டும்.

முதலில் உழவர் கடனைப் பார்ப்போம். 1929-ஆம் ஆண்டில் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தால் நெல்லும் நிலக்கடலையும் விலை சரிந்தன. கடனோ குறையவில்லை. இரண்டு மூட்டை விற்றுத் தீர்த்திருக்கக்கூடிய வட்டிக்கு நான்கு மூட்டை விற்க நேர்ந்தது. சென்னை மாகாணத்து உழவர் கடன் 150 கோடி ரூபாய் என்று 1930-ஆம் ஆண்டில் வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. 1935-ஆம் ஆண்டில் அரசின் சார்பில் ஆராய்ந்த சத்தியநாதன் அதனை 200 கோடி என்று கணக்கிட்டார். இந்நிலையில் 1937-இல் பதவியேற்ற இராஜாஜியின் அமைச்சரவை மறு ஆண்டிலேயே விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை நிறைவேற்றியது. அதுவே 1938-ஆம் ஆண்டின் நான்காவது சட்டம்.

அச்சட்டம் எல்லாக் கடனையும் ஒரே வீச்சில் அழித்துவிடவில்லை. அதன் ஷரத்துகளில் ஓர் அளவுகோல் இருந்தது. 1932 அக்டோபர் முதல் நாளுக்கு முன் வாங்கிய கடனாயின், 1937 அக்டோபர் முதல் நாளில் நிலுவையில் நின்ற வட்டி முழுவதும் தள்ளப்பட்டது. அசலை மட்டும் செலுத்தினால் போதும். அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. 1932-க்குப் பிற்பட்ட கடனுக்கு வட்டி நூற்றுக்கு ஐந்து என்று குறைக்கப்பட்டது. இனிமேல் வாங்கும் கடனுக்கும் நூற்றுக்கு ஆறேகாலுக்கு மேல் வட்டி கூடாது என்று வரம்பு கட்டப்பட்டது. வட்டி அசலுக்கு மேற்படலாகாது என்பது பழைய தர்மசாஸ்திரங்கள் கூறும் விதியாகும். 'தாம்துபட்' என்னும் அவ்விதியைப் பம்பாய் நீதிமன்றங்கள் ஏற்றன. சென்னை மாவட்டங்களில் அது செல்லுபடியாகாதிருந்தது. 1938-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பழைய அறத்துக்கே புதிய உருவம் கொடுத்தது எனலாம்.

சட்டம் யாரை விலக்கியது என்பதும் கருதத் தக்கது. வருமான வரி செலுத்தும் வளமுடைய நிலக்கிழார் அதன் பயனைப் பெற இயலவில்லை. கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தர வேண்டிய கடனும் தள்ளப்படவில்லை; ஏனெனில் அங்கே கடன் கொடுத்தவரும் உழவரே. மற்றொரு விலக்கு என் உள்ளத்தைத் தொட்டது. வேறு சொத்து எதுவும் இல்லாத ஒரு பெண்ணுக்கு வர வேண்டிய கடன், அசல் 3,000 ரூபாய்க்கு மேற்படாதாயின், இச்சட்டத்தினால் குறையாது என்று விதிக்கப்பட்டிருந்தது. கணவனை இழந்து, கையிலிருந்த சிறு தொகையை வட்டிக்கு விட்டு வாழும் பெண்ணை நினைத்தே இவ்விதி எழுதப்பட்டிருக்க வேண்டும். கடன் கொடுத்தவர் என்றாலே கொடியவர் என்று எண்ணிவிடாமல், தள்ளுபடியின் சுமை யார் தோளில் விழுகிறது என்று சட்டம் இயற்றியோர் உற்று நோக்கினர்.

ஜமீன் நிலங்களில் குத்தகைப் பாக்கி வைத்திருந்த குடிகளுக்கும் வழி செய்யப்பட்டது. கார்வேட்டிநகரம், காளஹஸ்தி, புங்கனூர் முதலிய ஜமீன்களைக் கொண்டிருந்த சித்தூர் மாவட்டத்துக்கு இது முக்கியமான பகுதி. பழைய பசலிகளின் பாக்கி தள்ளப்படும். ஆனால் அண்மைப் பசலி இரண்டின் வாரத்தைக் குடியானவர் செலுத்தித் தீர்க்க வேண்டும். செலுத்தும் பழக்கத்தைக் கைவிடாதவருக்கே தள்ளுபடி என்பது இதன் கருத்து.

இச்சட்டத்திலும் குறை உண்டு. நிலத்தில் ஏதேனும் உரிமை உடையவரே 'விவசாயி' எனப்பட்டார். நிலமற்ற கூலியாளின் கைமாற்றுக் கடனை யாரும் தொடவில்லை. அவருக்கும் கைவினைஞருக்கும் நிவாரணம் அளிக்கும் சட்டம் ஆந்திரத்தில் 1977-ஆம் ஆண்டில்தான் வந்தது. தள்ளுபடி என்னும் கதவு திறக்கும்போதெல்லாம் அதனை எட்டக்கூடிய உயரத்தில் இருப்பவரே முதலில் நுழைகின்றனர் என்பதற்கு இந்த நாற்பதாண்டு இடைவெளி சான்று.

அதே 1938-ஆம் ஆண்டில் இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் நடந்தது. திருவிதாங்கூர் நாஷனல் அண்டு குயிலான் வங்கி தென்னாட்டின் பெரிய வங்கிகளுள் ஒன்றாக விளங்கியது. இரண்டு வங்கிகள் 1937-இல் இணைந்து உருவான நிறுவனம் அது. மறு ஆண்டு ஜூன் 21-ஆம் நாள் அது பணம் கொடுப்பதை நிறுத்திற்று. தோன்றி மூன்றாண்டே ஆகியிருந்த ரிசர்வ் வங்கி, போதிய ஈடின்றிப் பெருந்தொகை கொடுத்து அதனைத் தாங்க முன்வரவில்லை. வங்கி கலைக்கப்பட்டது, பங்குதாரர் மட்டுமின்றி, வாழ்நாள் சேமிப்பை அதில் வைத்திருந்த எண்ணற்ற குடும்பங்களும் அல்லலுற்றன. உழவருக்குத் தள்ளுபடி கிடைத்த ஆண்டில் வங்கிக்கு மீட்பு கிடைக்கவில்லை. இக்காலத்து வழக்கில் 'அரசு எப்போதும் நிறுவனங்களையே காக்கும்' என்று கூறுவோர் இந்நிகழ்ச்சியை நினைவில் கொள்வது நல்லது. 'நிறுவனம் வீழ்ந்தால் முதலாளி மட்டும் வீழ்வார்' என்று கூறுவோரும் இதனையே நினைவில் கொள்ள வேண்டும்.

வங்கியின் வீழ்ச்சியால் ஒரு நல்ல விதி பிறக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. 1960-இல் பாலாய் சென்ட்ரல் வங்கி வீழ்ந்ததை அடுத்து, வைப்புத்தொகைக் காப்புறுதித் திட்டம் 1962 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. வங்கி வீழ்ந்தாலும் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை கிடைக்கும் என்பது அதன் தொடக்க வரம்பு. 2020-ஆம் ஆண்டில் அவ்வரம்பு ஐந்து லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. வங்கியின் உரிமையாளரை மீட்காமல், வங்கியை நம்பியவரை மீட்பது இத்திட்டத்தின் நோக்கம். அளவும் முன்கூட்டியே எழுதப்பட்டுள்ளது. அதற்கான காப்புறுதிக் கட்டணத்தை வங்கிகளே செலுத்துகின்றன. நிறுவனங்களைக் காக்கும் வகைகளுள் இதனைவிட நேர்மையானதை நான் அறியேன்.

பெரும் தொழில்களின் கடன் வரலாற்றில் இத்தகைய தெளிவைக் காண்பது அரிது. 1985-ஆம் ஆண்டு நலிவுற்ற தொழில்களுக்கான சட்டத்தின் கீழ் வாரியம் அமைந்தது. ஆண்டுகள் பல உருண்டும் தொழில்கள் எழவில்லை, கடனும் திரும்பவில்லை என்ற குறை நின்றது. 2016-ஆம் ஆண்டு நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பு அதன் இடத்தைப் பிடித்தது. 2017-18 முதல் ஐந்து நிதியாண்டுகளில் வங்கிகள் ஏறக்குறைய 10 லட்சம் கோடி ரூபாயைத் தம் கணக்கிலிருந்து நீக்கியதாக 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. கணக்கிலிருந்து நீக்குதல் வேறு, தள்ளுபடி வேறு என்பதை நேயர்கள் மனத்தில் இருத்த வேண்டும். நீக்கப்பட்ட கடனுக்கும் கடனாளி பொறுப்பாளியே. வங்கி அவரைத் தொடர்ந்து கேட்கலாம். ஆயினும் அதே காலத்தில் அவ்வாறு நீக்கப்பட்டவற்றிலிருந்து மீண்டு வந்தது ஏறக்குறைய 1.32 லட்சம் கோடிதான். சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு. மீளாத பகுதியைப் பொறுத்தவரை பொதுமக்களின் பையில் இரண்டும் ஒன்றே.

சித்தூர் மக்கள் இதற்கு எட்டாத் தொலைவில் உதாரணம் தேட வேண்டியதில்லை. அவ்வூர்க் கூட்டுறவுப் பால்பண்ணை 2002-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் பூட்டிக் கிடந்த அப்பண்ணையின் நிலுவையாகிய 182 கோடி ரூபாயைத் தீர்த்துவிட்டதாக அறிவித்து, 2023 ஜூலையில் மாநில அரசு அதனைக் குஜராத்தின் அமுல் நிறுவனத்தின் வாயிலாகப் புதுப்பிக்க அடிக்கல் நாட்டியது. மாடு வளர்ப்போர் மிகுந்த மாவட்டத்தில் பால்பண்ணை எழுவதை யார் வேண்டாம் என்பார்? ஆனால் நிறுவன மீட்பைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்வியை இதற்கும் கேட்கலாம்: பொதுப் பணம் சென்று சேர்ந்தது எவரிடம்? பால் ஊற்றியவரிடமா, வேலை பார்த்தவரிடமா, கடன் கொடுத்தவரிடமா? இக்கணக்கு ஊரார் முன் விரித்து வைக்கப்படும்போதுதான் மீட்பு உதவி நியாயம் பெறுகிறது.

இனி மாணவர் கடனுக்கு வருவோம். கல்விக்காகக் கடன் கொடுக்கும் முறை நம் நாட்டில் அண்மையில் தோன்றியதன்று. 1963-ஆம் ஆண்டில் இந்திய அரசு தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கிற்று. தகுதியுடைய வறிய மாணவருக்கு வட்டியில்லாக் கடன் வழங்கப்பட்டது. அதில் ஓர் அரிய ஷரத்து இருந்தது. கடன் பெற்றவர் ஆசிரியராகப் பணியேற்றால், பணி செய்யும் ஆண்டொன்றுக்குக் கடனில் பத்தில் ஒரு பங்கு தள்ளப்படும். அமெரிக்க நாடும் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதனையொத்த சலுகையை, பாதிக் கடன் வரை, பள்ளி ஆசிரியர்க்கு வழங்கியிருந்தது. பணத்தால் தீர்க்க வேண்டியதைத் தொண்டால் தீர்க்கலாம் என்னும் எண்ணம் இதில் அடங்கியிருந்தது. கடனைத் திரும்பப் பெறுவதில் ஏற்பட்ட தளர்ச்சியால் அத்திட்டம் பின்னர்க் கைவிடப்பட்டது. ஷரத்து நல்லது, வசூல் நிர்வாகம்தான் பழுது. ஆனால் இரண்டும் ஒருசேரப் புதைக்கப்பட்டன.

2001-ஆம் ஆண்டில் வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் வந்தது. நான்கு லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்கப்படவில்லை. படிப்பு முடிந்து ஓராண்டோ, வேலை கிடைத்து ஆறு மாதமோ கழிந்தபின் தவணை தொடங்கும். ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்கு மேற்படாத குடும்பத்து மாணவருக்குப் படிப்புக் கால வட்டியை அரசே ஏற்கும் ஏற்பாடு 2009-இல் செய்யப்பட்டது. இவற்றால் பயன்பெற்ற குடும்பங்கள் பல. ஆயினும் ஈடு கேட்கவில்லை என்பதால் சுமை இல்லை என்று ஆகிவிடாது. பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். பிள்ளைக்கு வேலை கிடைக்காவிடில் தந்தையின் பெயரும் கடன் தவறியோர் பட்டியலில் ஏறும். கரும்புக்கோ நிலக்கடலைக்கோ கடன் கேட்டு அவர் அடுத்த முறை வங்கிக்குச் செல்லும்போது அப்பட்டியலே அவர் முன் வைக்கப்படும். நிறுவனம் நொடித்தால் இயக்குநரின் வீடு பெரும்பாலும் தனியே நிற்கும். அவர் தனிப்பட்ட பிணை கொடுத்திருந்தாலன்றி வங்கி அதனைத் தொடாது. மாணவன் நொடித்தாலோ குடும்பம் முழுவதும் அவனோடு நொடிக்கும். இருவகைக் கடனுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

இதனால் மாணவர் கடன் முழுவதையும் உடனே தள்ளிவிட வேண்டும் என்று முடிவு கட்டலாமா? 2008-ஆம் ஆண்டு விவசாயக் கடன் தள்ளுபடி நமக்கு எச்சரிக்கை கூறுகிறது. சிறு உழவருக்கு முழுத் தள்ளுபடியும், ஏனையோருக்கு முக்கால் பங்கைச் செலுத்தினால் கால் பங்குத் தள்ளுபடியும் அறிவிக்கப்பட்டன. தகுதியற்றோர் சிலர் பயன்பெற்றதையும் தகுதியுடையோர் பலர் விடுபட்டதையும் 2013-இல் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை எடுத்துக்காட்டிற்று. வருந்தி உழைத்துக் கடனைக் கட்டியவருக்கோ எதுவும் இல்லை. தனியார் வட்டிக்கடையில் கடன்பட்டவருக்கும் எதுவும் இல்லை. கல்விக் கடனிலும் இதுவே நேரலாம். கல்லூரிக்குச் செல்லாமல் நெடுஞ்சாலையோரத்துப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த இளைஞன், தான் வாங்கும் ஒவ்வொரு பொருளின்மேலும் செலுத்தும் வரியால் பட்டதாரியின் கடனைத் தீர்ப்பவனாவான்.

ஆகவே மாணவரா, நிறுவனமா என்று துலாக்கோலின் இரு தட்டுகளில் வைத்துக் கேட்பது சரியான கேள்வி ஆகாது. தள்ளுபடி எவருக்காயினும் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். அளவு முன்கூட்டியே எழுதப்பட்டதா? சுமை யார் தோளில் விழுகிறது என்று கண்டறியப்பட்டதா? பெறுபவர் தம் பங்காக எதையேனும் செய்கிறாரா? 1938-ஆம் ஆண்டுச் சட்டம் இம்மூன்றுக்கும் பெரும்பாலும் விடையளித்தது. இரு மடங்கு என்னும் அளவு முதற்கேள்விக்கு விடை. ஏழைப் பெண்ணின் கடனைக் காத்தது இரண்டாவதற்கு விடை. இரண்டு பசலி வாரத்தைக் கட்டச் சொன்னது மூன்றாவதற்கு விடை. அதனால்தான் நீதிமன்றங்களில் எதிர்ப்புக்கு உள்ளாகியும் அச்சட்டம் நிலைத்தது. எல்லை பிரிந்த பின்னரும் இரு மாநிலங்களிலும் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது.

இவ்வளவுகோலைக் கல்விக் கடனுக்கும் பொருத்தலாம். அசலுக்கு மேல் வட்டி ஏறலாகாது என்று வரம்பு கட்டலாம். 1963-ஆம் ஆண்டு ஷரத்துக்கு மீண்டும் உயிரூட்டி, எல்லைப்புறத்து ஊர்ப் பள்ளியில் ஆசிரியராகவோ, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராகவோ செவிலியராகவோ பணி செய்வோருக்கு ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கைக் கழிக்கலாம். அப்போது பட்டறைத் தொழிலாளியின் வரிப்பணம் அவருடைய பிள்ளைக்குப் பாடமாகவும் மருந்தாகவும் திரும்பி வரும். நிறுவனங்களுக்கும் அதே கோலைப் பிடிக்க வேண்டும். உரிமையாளர் முதலில் இழக்கட்டும். தொழிலாளரும் சிறு சேமிப்பாளரும் முதலில் காக்கப்படட்டும். பெற்ற உதவியும் அதன் நிபந்தனையும் ஆண்டுதோறும் வெளியிடப்படட்டும்.

அந்நாளில் வஜா வழங்குவதற்கு முன் கிராமக் கணக்கர் வயலுக்கே சென்று நின்ற பயிரைப் பார்வையிட்டார். எந்தச் சர்வே எண்ணில் எவ்வளவு சாவி என்று கணக்கில் எழுதினார். அதன் பிறகே வரி குறைந்தது. மாணவரின் கடனாயினும் ஆலையின் கடனாயினும், தள்ளும் முன் வயலைப் பார்த்து வருதல் இன்றும் இன்றியமையாதது.